‘தூசி எங்கே போகும்?’ என்று கேட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இன்று அவர் படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை நான் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெரியப்பா அண்ணனின் நல்ல குணங்களை அழகாக எழுதியிருக்கிறார். ஆறுதல் வேண்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஆறுதல் கிடையாது. நான் எழுதப்போவது ஒரு மெஷினைப் பற்றி.

“நெனவு மலர்ல போயி மெஷினப் பத்தி எதுக்கும்மா? மனசு தங்கம், யாரு வந்தாலும் சோறு போடுவாரு, அந்த மாதிரி எழுதும்மா” என்று பெரியப்பா சொன்னார்.

“அது செத்தவங்க எல்லாத்துக்கும் எழுதறதுதானுங்க பெரியப்பா. எங்கண்ணன் கடைசியா எதுக்கு அலைஞ்சாருன்னு நான் எழுதறேன்” என்றேன். நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். நாள் முழுக்கச் சத்தம் போட்டுப் பழகிய வாய்.

அண்ணன் பிறந்தது அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில். மரவள்ளியும் நிலக்கடலையும் போடும் காடு, பாதி வருடம் தண்ணீர் இருக்கும் கிணறு, இவ்வளவுதான் சொத்து. நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். பத்தாவது முடித்ததும் அண்ணன் எல்லோரையும்போலப் பெங்களூர் பஸ் ஏறினார். அங்கே ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் கற்று, அம்மாவுக்கும் எனக்கும் பணம் அனுப்பினார். என் கல்யாணத்தை நின்று நடத்தினார். தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அப்புறம் அண்ணியைக் கட்டினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் போதுமான அளவு பேசிவிட்டதால் நான் எழுதவில்லை.

தருமபுரி–அரூர் ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வெட்டினார்கள். ஏலம் எடுத்தவர்கள் அதை விறகுக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சேதி கேட்டு அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். பெங்களூரில் ஓட்டல்காரர்களும் வசதியானவர்களும் அடிமரத்தை நீளவாக்கில் அறுத்து, ஒட்டுப் போடாமல், ஓரத்தின் வளைவு நெளிவைக்கூட வெட்டாமல், ஒரே பலகையாக மேசை கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். “வைரம் பாஞ்ச புளிய அடுப்புல வெக்கறானுங்க பாப்பா” என்று அன்று அவர் பல்லைக் கடித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தருமபுரிக்கு வெளியே, அதே ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார். கூட்டாளியாக மாதையனைச் சேர்த்துக்கொண்டார். அம்மாவையும் ஊரிலிருந்து கூட்டிவந்து கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு கட்டிக் குடியேறினார்.

இந்தப் பலகை வேலையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மில்லில் அறுத்து வந்த பலகையை வருடக்கணக்கில் நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்தால் அது அப்பளம் மாதிரி நெளியும். அந்த நெளிவை எடுத்து மட்டம் செய்த பிறகு வருவதுதான் உயிரை வாங்கும் வேலை. ஒரு கட்டில் அகலமும் மூன்று ஆள் நீளமும் உள்ள பலகையை, கண்ணாடியைத் தொட்டதுபோல, கையில் எதுவும் தட்டாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கையால் தேய்த்தால் ஆயுசு போய்விடும். அதற்குத்தான் மெஷின்.

தேய்க்கும் முன்னால் அண்ணன் பலகை முழுக்கப் பென்சிலால் கோணல்மாணலாகக் கிறுக்குவார். தேய்க்கத் தேய்க்கக் கிறுக்கல் அழியும். எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே தாள் இன்னும் படவில்லை என்று அர்த்தம். எல்லாம் அழிந்த பிறகு, அதைவிட மெல்லிய தாளை மாட்டி, மறுபடியும் கிறுக்கி, மறுபடியும் தேய்ப்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் இவ்வளவு பெரிய பலகையில் இவ்வளவு எழுதுகிறானே என்று முதலில் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் தூளாகப் போவதைப் பார்த்து, “எழுதறதும் அவனே, அழிக்கறதும் அவனே” என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. பலகை வழவழப்பாகிவிட்டதா என்று பார்க்க அண்ணன் உள்ளங்கையை வைக்க மாட்டார். கையைத் திருப்பிப் புறங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தடவிக்கொண்டே போவார்.

“உள்ளங்கை காச்சுப் போச்சு பாப்பா. அதுக்கு எல்லாமே வழவழன்னுதான் இருக்கும். பொறங்கை பொய் சொல்லாது” என்பார்.

நம் பக்கத்தில் எப்போது கையைத் திருப்புவோம் என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவர் தலையில் எண்ணெயும் அரப்புப் பொடியும் வைக்கும்போதுதான். அம்மா அதைப் பார்த்துவிட்டால் கத்துவார். “டேய் தம்பி, எழவு வூட்டுல வெக்கற மாதிரி பொறங்கையால தடவாதடான்னு எத்தன வாட்டி சொல்றது!”

“மரம் செத்துப்போனதுதானம்மா. செத்ததுக்குப் பொறங்கைதான மொறை” என்று அண்ணன் சிரிப்பார். மாதையனும் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

கொட்டகையில் பல வருடங்கள் ஓடியது பெல்ட் மெஷின். இரண்டு உருளைக்கு நடுவே உப்புத்தாள் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். மரத்தைக் கடித்துத் தின்னும். பெரிய பலகைக்கு அதைவிட வேகமானது கிடையாது. ஆனால் ஒரே இடத்தில் மூச்சு விடும் நேரம் நிறுத்தினாலும் பள்ளம் பறித்துவிடும். அதனால் நிறுத்தாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அது கக்கும் தூசி புகைமாதிரி எழும்பும். உள்ளே நிற்பவர்கள் யாரென்று அடையாளம் தெரியாது. அண்ணனும் மாதையனும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் கடிப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் இருக்கிற தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்பது நம் ஊரில் நெல் மில்லில் வேலை செய்கிறவர்கள் முதல் எல்லோரும் நம்புவது. அண்ணனும் நம்பினார். அண்ணி கடையில் வெல்லத்தை மூட்டையாகவே வாங்கி வைத்தார். வெல்லம் வயிற்றுக்குப் போனது. தூசி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் வறட்டு இருமல். பனிக்காலம் என்றார்கள். பனிக்காலம் போனது, இருமல் போகவில்லை. பிறகு பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மருத்துவர் நல்ல மனிதர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலின் அடிப்பக்கம் தேங்காய் நார்போல இறுகிவிட்டது என்றும், மாத்திரையால் அது மேலே ஏறாமல் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், இறுகியது திரும்ப இளகாது என்றும் சொன்னார். “தூசியில நிக்கவே கூடாதுங்க” என்று எழுந்து நின்று சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணி கேட்டார். “ஏங்க, இந்த வேலைய வுட்டுட்டா என்ன? ஆடு வாங்கி மேய்க்கலாம். நான் நூறு நாள் வேலைக்குப் போறேன்.”

“வுட்டுட்டு?” என்றார் அண்ணன். “கொட்டாய்ல நிக்கலன்னா நான் யாரு? கட்டில்ல ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு மூச்சு வுடறது? தூசியில நிக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு. மரத்துகிட்ட நிக்கக் கூடாதுன்னு சொல்லல. தூசி வராத மெஷின் ஒண்ணு இருந்தா நின்னுக்கலாம்.”

அன்றிலிருந்து அவர் தேடியது அந்த மெஷினைத்தான். அது கிடைத்தால் மரத்தையும் விட வேண்டாம், உயிரையும் விட வேண்டாம் என்று முழுசாக நம்பினார். நாங்களும் நம்பினோம். அவர் கண்ணில் அவ்வளவு உறுதி இருந்தது.

செல்போனில் வீடியோ போட்டுப் பார்ப்பார். பெங்களூர்ப் பட்டறைகளில் பழைய நண்பர்களிடம் பேசுவார். பலகையை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வழவழப்பாக வெளியே வரும் பெரிய மெஷின் இருக்கிறது என்றார்கள். அதன் வாய் அண்ணனின் பலகையைவிடக் குறுகல், அதற்கு மூன்று பேஸ் கரண்டும் வேண்டும். கம்பி அறுக்கிற கிரைண்டரில் உப்புத்தாள் தட்டை மாட்டினால் போதும் என்றார் ஒருவர். “அதுல தேச்சா மேசை மேல அலையடிக்கும். ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டலாம், சோறு திங்க முடியாது” என்று அண்ணன் தள்ளிவிட்டார். பெரிய பலகைக்குப் பெரிய மெஷின்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னதை அவர் ஏற்கவே இல்லை. கனத்த மெஷினைப் பெரிய பலகை மேல் பிடித்து நடப்பவனுக்குக் கை சோரும், சோர்ந்த கை ஒரு பக்கம் அமுக்கும், அமுக்கிய இடத்தில் பள்ளம் விழும் என்பார். அவர் கை அப்போதே சோர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் சேலத்தில் மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். அண்ணியும் நானும் கூடப் போனோம். அண்ணன் ஒரு சாக்குப்பையில் புளியம்பலகைத் துண்டு ஒன்றைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். நடக்கவே முடியாதவர், அதை எங்களிடம் கொடுக்கவில்லை.

“என்னங்க இது, கட்டையெல்லாம் தூக்கிட்டு?” என்று கண்டக்டர் கேட்டார்.

“பொண்ணு பாக்கப் போறோம். மாப்பிள்ளை இவருதான்” என்று அண்ணன் கட்டையைத் தட்டிக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் வெகுநேரம் பஸ் நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் லாரிப் புகை. அண்ணன் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அண்ணி என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

கடையில் இருந்த இளைஞர் எத்தனை வாட்ஸ் வேண்டும், எந்தக் கம்பெனி வேண்டும் என்று ஆரம்பித்தார்.

“வாட்ஸ அப்பறம் பாப்போங்க. தூசி எங்க போவும், அத மொதல்ல சொல்லுங்க” என்றார் அண்ணன்.

“பேக் குடுத்திருக்காங்க சார்” என்று மெஷினுக்குப் பின்னால் தொங்கிய சிறு துணிப்பையைக் காட்டினார்.

“இது தூசிப் பையா, வெத்தலபாக்குப் பையா?”

அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வந்து காட்டினார். அண்ணன் சாக்கிலிருந்து பலகைத் துண்டை எடுத்தார். அதன் மேல் கிறுக்கினார். ஒவ்வொரு மெஷினையும் அமுக்காமல், அதன் எடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்று கையை உதறியது. ஒன்று சுருள் சுருளாகக் கோடு போட்டது. அந்தக் கோடு அப்போது கண்ணுக்குத் தெரியாதாம். பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லை இளிக்குமாம். ஒவ்வொன்றுக்கும் தாள் நம் ஊரிலேயே கிடைக்குமா, ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

கடைசியாக வட்டத் தட்டு உள்ள ஒரு மெஷின் வந்தது. தட்டு சுற்றும், சுற்றிக்கொண்டே லேசாக ஆடவும் ஆடும். அதனால் கோடு விழாது. தட்டிலும் தாளிலும் நேருக்கு நேர் ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாகத் தூசியை உறிஞ்சிக் குழாய் மூலம் ஒரு டிரம்முக்குள் இருக்கும் பைக்கு அனுப்பும் வேக்குவம் தனியாக. கையில் பிடிக்கிற பாகம் ஒரு சொம்புத் தண்ணீர் கனம்தான். அண்ணன் பலகைத் துண்டை அதால் தேய்த்தார். நாங்கள் மூவரும் காற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமே எழும்பவில்லை. அண்ணி சேலைத்தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் திருப்பி, புறங்கையால் அந்தத் துண்டைத் தடவினார். கல்லாவில் இருந்த கடை முதலாளி எழுந்தே விட்டார்.

“அண்ணா, கடைக்குள்ள அப்பிடிப் பண்ணாதீங்க. வியாபாரம் நடக்கற எடம்.”

“மன்னிச்சுக்கங்க” என்று அண்ணன் உடனே கையை எடுத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, “இதுதான்” என்றார். திரும்பி வரும்போது கணவாயில் லாரி எதுவும் மறிக்கவில்லை. அவர் அண்ணியின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் சொல்லிவைத்திருந்த மேசைக்காக, இருப்பதிலேயே பெரிய புளியம்பலகை கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. மட்டம் செய்யும் வேலையையும் பெல்ட் வேலையையும் மாதையன் வெளியே வெட்டவெளியில், மருத்துவர் சொன்ன முகமூடியைப் போட்டுக்கொண்டு முடித்தான். பிறகு பலகையை உள்ளே தூக்கி வைத்தார்கள். அண்ணன் கிறுக்கினார். புது மெஷினைப் போட்டார். அன்று முழுக்கக் கொட்டகையில் வெயில் தெளிவாக விழுந்ததாக மாதையன் சொல்வான். அதற்கு முன் அங்கே வெயிலைத் தூசி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போனேன். வேலையை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து டிரம்மைத் திறந்து உள்ளே இருந்த பையை எடுக்கப் பார்த்தார். எடுக்க முடியவில்லை. மாதையன் கை கொடுத்தான். ரேஷன் கடையில் நான் தினமும் அளந்து போடுகிறவள், பார்த்ததும் எடை தெரியும். ஒரு குடும்பத்துக்கு மாதத்துக்குப் போடுகிற சர்க்கரையைவிட அதிகம் இருந்தது. மாவு மாதிரி, சிவப்பாக, அவ்வளவு மெல்லிய தூசி. ஒரு பகல் வேலையின் தூசி, அதுவும் மெல்லிய தாளின் தூசி. பெல்ட் மெஷின் இதைப்போலப் பல மடங்கு கக்கும்.

அண்ணன் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அது விரல் இடுக்கில் வழிந்தது.

“இவ்வளவா?” என்றார்.

மிச்சத்தைப் பைக்குள்ளேயே உதறினார்.

“ஒரு நாளைக்கு இவ்வளவுன்னா… இத்தினி வருசமா எங்க போச்சு, மாதையா?”

மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மூச்சையும் நினைத்திருப்பான். அண்ணன் கேள்வி கேட்டுப் பதில் கிடைக்காத ஆள் இல்லை. அதற்கான பதில் அவர் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது அவர் நம்பவில்லை. அந்தப் பை காட்டியபோது நம்பிவிட்டார். பையின் வாயைக் கட்டிவிட்டு, “நல்ல மெஷின் பாப்பா. நல்லா வேல செய்யிது” என்றார். அவர் குரலில் இருந்த உறுதி அன்றோடு போனது. பிறகு அதை நான் கேட்கவே இல்லை.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பான மெஷினை வாங்கி ஏமாந்திருந்தால் திட்டுவதற்கு யாராவது இருந்திருப்பார்கள். அவர் சரியாகத்தான் தேடினார், சரியாகத்தான் கேட்டார், சரியானதைத்தான் எடுத்தார். அது வேலையும் செய்தது. ஒன்றும் பிரயோஜனமில்லை. கெட்டது எல்லாம் அதற்கு முன்பே உள்ளே போய் இறுகிவிட்டது. இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள் என்று துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் கேட்டேன். விதி என்றார்கள். ரேஷன் கடையில் சரக்கு வரவில்லை என்றால் நானும் ஏதோ ஒன்று சொல்லி அனுப்புவேன். அந்த மாதிரிப் பதில்தான் அது.

அதற்குப் பிறகும் அண்ணன் கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரம் தேய்ப்பார், உட்காருவார், பலகையைப் பார்ப்பார். பாதிப் பலகை வழவழப்பானது. மறுபாதிக்குக் கிறுக்கி வைத்தார். அதைத் தேய்க்க அவர் எழுந்து வரவில்லை.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதிலிருந்து குழாய் மூக்குக்கு. “இதுவும் அதே ஜாதிதான் பாப்பா. அது உறியும், இது ஊதும்” என்று ஒருமுறை சொன்னார். அதுதான் அவர் கடைசியாகச் செய்த கேலி. கரண்டு போனால் அண்ணி ஓடி வந்து விசிறுவார். விசிறியால் ஒன்றும் ஆகாது என்று அண்ணிக்கும் தெரியும். பக்கத்து லேத் பட்டறைக்காரர் தன் வேலையை நிறுத்தி ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வருவார். அம்மா வாசலில் உட்கார்ந்து, கரண்டு கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி நாளன்று கரண்டு இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் அண்ணி கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது அண்ணன் மூச்சு நின்றிருந்தது. மெஷின் ஓடுவதை நிறுத்த அண்ணிக்கு மனம் வரவில்லை. நான் போய்த்தான் சுவிட்சை அணைத்தேன்.

வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, குளிப்பாட்டும் முன் முறைக்காரர்கள் வரிசையாக எண்ணெய் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எண்ணெயில் கையை நனைத்து நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

“கையத் திருப்பு கண்ணு. பொறங்கையால வெக்கணும்” என்றார் பெரியம்மா.

திருப்பினேன். அரிசி மூட்டை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை என்னுடையது. உள்ளங்கையை வைத்திருந்தால் காய்ச்சல் விட்டுத் தூங்குகிறார் என்று ஒரு நொடியாவது நினைத்திருப்பேன். புறங்கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நெற்றியின் குளிர்ச்சி தெரிந்தது. முடி ஓரத்தில் நறநறவென்று கொஞ்சம் மரத்தூசி இருந்ததுகூடத் தெரிந்தது. எவ்வளவோ நாளாகக் கொட்டகைக்கே போகாதவர் தலையில் அது எப்படி மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. பின்னால் அம்மா, “வேணாம்டான்னு சொன்னனே, அப்பவே சொன்னனே” என்று அழுதுகொண்டிருந்தார். மகன் கையைத் திருப்பித் திருப்பித்தான் இதை வீட்டுக்கு அழைத்து வந்தான் என்று அம்மா இன்றும் நம்புகிறார். அதை மாற்ற நான் முயற்சி செய்யவில்லை. என்னிடம் இருக்கும் காரணத்தாலும் அண்ணன் வரப்போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. உண்மையை உண்மையாகச் சொன்ன சேலத்து மருத்துவருக்கும், அண்ணனைத் தம்பிபோலப் பார்த்துக்கொண்ட அங்கிருந்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கேட்காமலே ஜெனரேட்டரோடு ஓடி வந்த லேத் பட்டறைக்காரருக்கு, அவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் ஆளாக நாங்கள் வந்து நிற்போம். மேசை என்ன ஆனது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், நேரில் வந்து மாலை போட்டுவிட்டுப் போன பெங்களூர் ஓட்டல்காரருக்கும், சேதி கேட்டு பஸ் ஏறி வந்து ஓரமாக நின்று அழுத அந்தச் சேலத்துக் கடைப் பையனுக்கும் நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், அன்றும் இன்றும் அடுப்படியில் நின்றவர்களுக்கும் கைகூப்புகிறேன். மாதையனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வான். அவனிடம் எனக்கு இருப்பது ஒரு வேண்டுகோள்தான். போய்ப் படம் எடுத்துப் பார், மாதையா. வெல்லத்தை நம்பாதே. அண்ணிக்கு நான் என்ன சொல்வது? அவர் இருக்கும்வரை நான் இருப்பேன்.

மர வேலை, மில் வேலை, கல் வேலை செய்யும் நம் ஆட்கள் பலர் இன்று பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். எந்த மெஷினை வாங்கப் போனாலும் கம்பெனி பெயரைக் கேட்கும் முன்னால் அண்ணன் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அவர் மாதிரி தாமதமாகக் கேட்காதீர்கள்.

அந்தப் பலகை இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. பாதி வழவழப்பாக, மறுபாதியில் அண்ணன் கிறுக்கியது அப்படியே. மாதையன் முடித்துக் கொடுக்கிறேன் என்றான். அண்ணி விடவில்லை. போன வாரம் நான் போனபோது அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கிறுக்கல் மேல் வைத்தார்.

“தம்பி கடைசியா என்னமோ இம்மாம் எழுதி வெச்சிருக்கானே. யாரக் கேட்டாலும் ஒண்ணுமில்லங்கறாங்க. நீ படிச்சவதான, படிச்சுச் சொல்லு பாப்பா.”

அந்தக் கிறுக்கலை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன்.

“இன்னும் முடியலன்னு எழுதியிருக்கும்மா” என்றேன்.